டிரெய்லர் டயருக்கு பேலன்சிங் தேவையா? அலமாரியில் திருநீறு கொட்டிக்கொண்டே இருக்கிறது

திருமங்கலம் பெயிண்ட்கடை:

எல்லாருக்கும் வணக்கம். போலேரோவுக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற டிரெய்லர் ஒன்று வைத்திருக்கிறேன். ஒற்றை ஆக்சில், பதினாலு அடி. உள்ளே இரண்டு கட்டில், சின்ன சமையல் மேடை, இடது பக்கம் தண்ணீர்த் தொட்டி. 2019 ஆடி மாதம் ஒரு பாடி பட்டறையில் சொல்லிச் செய்தது. (பதிவு, பேப்பர் எல்லாம் முடிந்துவிட்டது. அது தனிக் கதை, அதைக் கேட்டால் அழுதுவிடுவேன்.)

ஊர் சுற்றச் செய்த வண்டி இல்லை. எங்கள் குலதெய்வம் அருப்புக்கோட்டை தாண்டி கருவேலங்காட்டுக்குள் இருக்கிறார். சிவராத்திரிக்கு ராத்தங்க வேண்டும். லாட்ஜும் இல்லை, கழிப்பறையும் இல்லை. அம்மாவுக்கு 78 வயது. போன தடவை தார்ப்பாயில் படுத்து இடுப்பு பிடித்துக்கொண்டதும் "இனி நான் வரல, சாமி என்னைத் தேடி வரட்டும்" என்று சொல்லிவிட்டார். அதற்காகத்தான் செய்தேன். வருடத்துக்கு ஐந்தாறு பயணம், மொத்தமே 9,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். மீதி நாளெல்லாம் கடைக்குப் பின்னால் நிற்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். 55 தாண்டினால் டிரெய்லர் நடுங்குகிறது. போலேரோவில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லரின் ஓரம் இரண்டாகத் தெரியும். போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தால் அலமாரி ஸ்க்ரூ ரெண்டு மூன்று தரையில் கிடக்கும். அம்மாவின் திருநீற்றுச் சம்படம் ஒவ்வொரு தடவையும் மூடி கழன்று, கட்டில், தலையணை எல்லாம் வெள்ளை. இந்த பிப்ரவரி சிவராத்திரிக்கு ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். ரப்பர் பேண்டும் கழன்றுவிட்டது.

டயர் 185 ஆர் 14, எட்டு பிளை, எல்.டி. (சின்ன லாரிக்குப் போடுகிற, பாரம் தாங்கும் வகை). பட்டன், அதாவது ரோட்டில் தேய்கிற பூ, முக்கால்வாசி இருக்கிறது. ஆனால் இடது டயரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தால் மேடும் பள்ளமுமாக, பணியாரச் சட்டி போலத் தட்டுப்படுகிறது. ஒரு டயர் கடையில் இரண்டு சக்கரத்தையும் கழற்றி பேலன்சிங் (மெஷினில் சுற்றவிட்டு, கனம் குறைந்த பக்கம் ரிம்மில் சின்ன வெயிட் வைத்துச் சமப்படுத்துவது) பார்த்தேன். இடதுக்கு 90 கிராம் வெயிட் அடித்தார்கள். மெஷினில் பூஜ்யம் காட்டியது, என் கண்ணால் பார்த்தேன். திரும்பி வரும்போது கள்ளிக்குடியிலேயே அதே நடுக்கம். அதே கடைக்காரர் பிறகு சொன்னது: "டிரெய்லருக்கு பேலன்சிங்கே வேஸ்ட் சார், உள்ளே ஆளா உக்காந்திருக்கு?" அதை 600 ரூபாய் வாங்குவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

காற்று 40 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். போலேரோவுக்கு 30 வைப்போம், இது பாரம் தாங்குகிற வண்டி என்று பத்து கூட்டி வைத்தேன். சரியா? உண்மையிலேயே டிரெய்லருக்கு பேலன்சிங் தேவையில்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்புவண்டி:

அண்ணே, நமக்கு அலங்காநல்லூர் பக்கம். கரும்பு டிரெய்லர் இருபது வருசமா ஓட்டுறோம். பேலன்சிங்குனு ஒரு வார்த்தைய எங்கப்பா கேட்டதே இல்ல. சம்படத்த மாத்துங்க, மரை வச்ச மூடியா வாங்குங்க. 😄

ரிங்ரோடு டயர்பட்டறை:

கரும்புவண்டி தம்பி சொல்வதில் தப்பில்லை, ஆனால் அது அவர் வண்டிக்கு. கணக்கு சொல்கிறேன். இந்த அளவு டயர் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் போகும். 60இல் போனால் நொடிக்கு எட்டுச் சுற்று. ரிம் விளிம்பில் 90 கிராம் கூடக்குறைய இருந்தால் அந்த வேகத்தில் சக்கரத்தை நாலு கிலோ பலத்தில் இழுத்து இழுத்து விடும், நொடிக்கு எட்டு தடவை. 80இல் அதுவே ஏழரை கிலோ. டிராக்டர் 25இல் போகும்போது முக்கால் கிலோ கூட வராது. கரும்புக்கு அது தெரியாது, திருநீறுக்குத் தெரியும்.

இன்னொன்று, காரில் ஷாக் அப்சார்பர் அந்த ஆட்டத்தை அமுக்கிவிடும். உங்கள் டிரெய்லரில் வெறும் லீஃப் ஸ்பிரிங்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சக்கரம் துள்ளித் துள்ளி ரோட்டில் இறங்குவதால்தான் டயர் பணியாரச் சட்டி ஆகிறது. ஒரு தடவை அப்படி ஆகிவிட்டால் பிறகு அந்த மேடு பள்ளமே ஆட்டத்தைக் கூட்டும்.

சரி, மெஷின் பூஜ்யம் காட்டியும் ஏன் ஆடுகிறது? கடையில் 22 வருசமாக நான் பார்ப்பது இது. பேலன்சிங் மெஷினில் சக்கரத்தின் நடு ஓட்டையில் கூம்பு ஒன்றை வைத்து இறுக்குவார்கள். பல கார்களில் நடு ஓட்டைதான் ஹப்பில் (ஆக்சில் முனையில் சக்கரத்தை மாட்டுகிற பாகம்) கச்சிதமாக உட்காரும், அதனால் அது சரி. பட்டறையில் செய்யும் டிரெய்லரில் பெரும்பாலும் நடு ஓட்டை ஹப்பைத் தொடுவதே இல்லை. கூம்பு வைத்த நட்டுகள்தான் சக்கரத்தை நடுவில் பிடித்து நிறுத்துகின்றன. அதாவது மெஷின் ஒரு மையத்தில் சுற்றுகிறது, உங்கள் வண்டி வேறொரு மையத்தில் சுற்றுகிறது. டயரும் ரிம்மும் சேர்ந்து 20 கிலோ என்று வையுங்கள். மையம் அரை மில்லி விலகினால் ரிம் விளிம்பில் 55 கிராம் வெயிட் தப்பாக ஒட்டியதற்குச் சமம். மெஷின் பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்ட கேள்விதான் வேற.

நட்டுத் துளைகளில் விரல் மாதிரி குச்சிகள் நுழைகிற தட்டு ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு மெஷினில் மாட்டினால் வண்டியில் உட்காருகிற மாதிரியே உட்காரும். எல்லாக் கடையிலும் இருக்காது. போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் குனிந்து டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருசம். அதைச் சொல்லுங்கள். பட்டன் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கு வேண்டாம். நிற்கிற வண்டிக்கு டயர் தேய்ந்து சாகாது, காய்ந்து சாகும்.

காற்று 40 என்கிறீர்களே, அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த டயரில் லோடு எண் 102 என்று போட்டிருந்தால் ஒரு டயர் 850 கிலோ தாங்கும். அது 65 காற்று இருந்தால்தான். 40இல் 600 கிலோ பக்கம்தான் தாங்கும். வண்டி எடை என்ன?

நிலக்கோட்டை டிபன்வண்டி:

அண்ணா, நானும் என் வீட்டுக்காரரும் டிபன் டிரெய்லர் வைத்திருக்கிறோம். திருவிழா எங்கேயோ அங்கே போவோம். எடை என்னவென்று யாரையும் கேட்காதீர்கள், பாடி பட்டறைக்காரர் சொல்வதை நம்பவே நம்பாதீர்கள். எங்களிடம் 700 கிலோ என்றார்கள். எடைமேடையில் ஏற்றினால் 1,150.

லாரி எடை போடுகிற மேடை எதுவானாலும் சரி, கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் போங்கள். பயணத்துக்குப் போகிற மாதிரியே எல்லாம் ஏற்றிக்கொள்ளுங்கள், தண்ணீர் உட்பட. முதலில் டிரெய்லரைக் கழற்றி மேடையில் தனியாக நிறுத்தி ஒரு எடை. அப்புறம் போலேரோவில் மாட்டி, போலேரோ மேடைக்கு வெளியே, டிரெய்லர் சக்கரம் இரண்டும் மேடை மேலே, ஒரு எடை. கடைசியாக ஓரமாக ஓட்டி இடது சக்கரம் மட்டும் மேடையில் நிற்கிற மாதிரி ஒரு எடை. மூன்றாவதுக்கு ஆபரேட்டர் முறைப்பார். சிரித்துப் பேசினால் போட்டுத் தருவார். மேடையும் தரையும் ஒரே மட்டமாக இருக்கிற இடமாகப் பாருங்கள், இல்லையென்றால் கணக்கு கோணலாகும்.

எங்களுக்கு அடுப்பு, சிலிண்டர், மாவு டிரம் எல்லாம் ஒரே பக்கம். நிறைந்த வீட்டு சிலிண்டரே இரும்போடு 30 கிலோ வரும். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. இதெல்லாம் யோசிக்காமல்தான் ஆண்டிப்பட்டி கணவாயில் அந்தப் பக்கத்து பேரிங் கருகி நடுரோட்டில் நின்றோம். கிரீஸ் போட்டு ரெண்டு வருசம் ஆகியிருந்தது, அது வேற. அன்றைக்கு அரைத்த மாவு பூராவும் புளித்துப் பொங்கி வழிந்தது. அதிலிருந்து எங்கே நிறுத்தினாலும் அவர் டீ சொல்வார், நான் இரண்டு ஹப்பையும் டயரையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

திருமங்கலம் பெயிண்ட்கடை:

மூன்று பேருக்கும் நன்றி. கரும்புவண்டித் தம்பிக்கும் சேர்த்துத்தான், மரை மூடி சம்படம் வாங்கிவிட்டேன்.

டயர் எண் 1118. அதாவது 2018 மார்ச்சில் செய்த டயர். வண்டி முடிந்ததே 2019 ஆடியில். புது வண்டி என்று பூஜை போட்ட அன்றைக்கே டயருக்கு ஒன்றேகால் வயது ஆகியிருக்கிறது. இப்போது ஏழு. டார்ச் அடித்துப் பார்த்தால் பக்கச்சுவரில் எங்கள் அம்மா குதிகால் மாதிரி வெடிப்பு. மேற்கு வெயில் படுகிற இடது பக்கம் அதிகம், சுவரை ஒட்டி நின்ற வலது பக்கம் குறைவு.

அப்புறம் ஒரு சோதனை செய்தேன். பெரிய அறிவெல்லாம் இல்லை, சும்மா இருக்க முடியாமல் செய்தது. வலது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் அண்டை கொடுத்து, இடது பக்கம் ஜாக்கி ஏற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டேன். அதுவாக நின்றதும் அடியில் இருந்த இடத்தில் மஞ்சள் எனாமலில் ஒரு பொட்டு வைத்தேன். மறுபடி சுற்றினேன். ஐந்தில் நாலு தடவை மஞ்சள் பொட்டு அடியில் வந்துதான் நின்றது, அதாவது அந்தப் பக்கம் கனம். மெஷினில் பூஜ்யம் காட்டிய அதே சக்கரம்! சுற்றும்போது ரிம் ஓரத்தில் ஒரு ஆணியை அசையாமல் பிடித்துப் பார்த்தேன், ரிம் கோணல் இல்லை. ஆக, டயர்பட்டறை அண்ணன் சொன்ன மையம்தான்.

நேற்று மத்தியானம் எடைமேடைக்குப் போனேன். கழற்றி வைத்து 1,460. மாட்டி வைத்து 1,350. இடது சக்கரம் மட்டும் 790. அப்படியானால் வலது 560. ஒரே வண்டி, இரண்டு பக்கத்துக்கும் 230 கிலோ வித்தியாசம். தொட்டி, சமையல் மேடை, சிலிண்டர், அம்மாவின் ஆட்டுரல் (ஆமாம், குலதெய்வத்துக்கு மிக்ஸியில் அரைத்த மாவு ஆகாதாம்) எல்லாமே இடது பக்கம். 600 தாங்கும் காற்றில் 790 ஏற்றி ஆறு சிவராத்திரி போய் வந்திருக்கிறேன். சித்திரை வெயிலில் ராமேஸ்வரம் வேற. டயர் வெடிக்காதது சாமி புண்ணியம்.

ரிங்ரோடு டயர்பட்டறை:

சாமி ஆறு வருசம் பார்த்துக்கொண்டார், ஏழாவது வருசமும் அவர் தலையில் போடாதீர்கள். அந்த டயருக்கு பேலன்சிங் பார்க்க வேண்டாம், காசு தண்டம். இரண்டையும் மாற்றுங்கள். ஸ்டெப்னியின் எண்ணையும் பாருங்கள், அதுவும் அதே வயதாகத்தான் இருக்கும். டயர் குறைந்த காற்றில் ஓடும்போது பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கிச் சூடேறும். வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே நூல் விட்டிருக்கும். வெடிச்சா டயரோடு போகாது, உங்கள் பிளைவுட் தரையையும் பிய்த்துக்கொண்டு போகும்.

கடையில் டயரைக் கழற்றும்போது வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். சாதாரண ரப்பர் வால்வுக்கு 65தான் உச்சம். நீங்கள் 65 வைக்கப் போகிறீர்கள், வெயிலில் ஓடினால் அது 75ஐத் தொடும். ஸ்டீல் வால்வு போடுங்கள். செலவு டீ, வடை அளவுதான். அந்த உயர்வைப் பார்த்துவிட்டு வழியில் காற்றை இறக்கிவிடாதீர்கள், நிறையப் பேர் செய்கிற தப்பு. காலையில் வண்டி ஓடுவதற்கு முன்னால் இருப்பதுதான் கணக்கு.

டயரில் போட்ட உச்ச அளவை வைத்தால் வண்டி குதிக்குமே என்பீர்கள். இடது பக்கம் 790 இருக்கும் வரை வேறு வழியில்லை. முதலில் பாரத்தை மாற்றுங்கள். அப்புறம், கொக்கியில் விழும் எடை (1,460இல் 1,350 போக மிச்சம்) உங்களுக்கு 110தான், மொத்தத்தில் ஏழரை சதவீதம். பத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வாலாட்டும். கனமானதை ஆக்சிலுக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டு வாருங்கள். பதினைந்து சதவீதத்தையும் தாண்ட விடாதீர்கள், போலேரோவின் மூக்கு தூக்கிக்கொள்ளும்.

நட்டை எதிரெதிராக இறுக்கி, ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி ஒரு தடவை இறுக்குங்கள். புதுசாக மாட்டிய சக்கரம் உட்கார்ந்து கொடுக்கும்போது நட்டு தளரும். இதை மட்டும் சோம்பேறித்தனப்படாதீர்கள்.

ஒரு கேள்வி: கடைக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை, ஜெனரேட்டர் மாதிரி ஏதாவது இருக்கிறதா?

திருமங்கலம் பெயிண்ட்கடை:

எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? சுவருக்கு அந்தப் பக்கம் கிரில் கேட் பட்டறைதான்.

ரிங்ரோடு டயர்பட்டறை:

வெல்டிங் தீப்பொறியில் ஓசோன் வரும். ரப்பருக்கு ஆகாது, வெயிலோடு சேர்ந்தால் வெடிப்பு சீக்கிரம் வரும். இடத்தை மாற்ற முடியாவிட்டால் டயரை மூடி வையுங்கள். பளபளப்புக்குப் பூசுகிற பாலிஷ் வேண்டாம். சோப்புத் தண்ணீர் போதும்.

நிலக்கோட்டை டிபன்வண்டி:

நாங்கள் மாவு மூட்டைச் சாக்கை இரண்டாக மடித்துத் தொங்கவிடுகிறோம். அடியில் பலகை. மாசத்துக்கு ஒரு தடவை அரைச் சுற்று உருட்டி வைப்போம், ஒரே இடம் தட்டையாகிவிடாமல்.

திருமங்கலம் பெயிண்ட்கடை:

எல்லாரும் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஸ்டெப்னியோடு மூன்று புது டயர். கடையில் வாங்கும்போது எண்ணைப் பார்த்துத்தான் எடுத்தேன். முதலில் கொண்டு வந்தது இரண்டு வருசப் பழசு. "ஸ்டாக்குல இருந்தது சார், புதுசுதான்" என்றார். நான் பெயிண்ட் கடைக்காரன், டப்பா அடியில் தேதி பார்க்காமல் எதையும் எடுக்க மாட்டேன், டயரில் மட்டும் ஏழு வருசம் பார்க்காமல் இருந்திருக்கிறேன். உள்ளே போய் வேற எடுத்து வந்தார்.

நட்டுத் துளையில் மாட்டும் தட்டு இருக்கிற கடையை நாலாவது போனில் பிடித்தேன். அதில் மாட்டியதும் இடதுக்கு 35 கிராம், வலதுக்கு 20. வீட்டுக்கு வந்து மஞ்சள் பொட்டுச் சோதனை போட்டேன். சக்கரம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் நின்றது. அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் யாரும் புரிந்துகொள்ளவில்லை.

தண்ணீர்த் தொட்டியை வலது பக்கம், ஆக்சிலுக்கு முன்னால் மாற்றினேன். ஆட்டுரல் இப்போது கட்டிலுக்கு அடியில் நடுவாக. மறுபடி எடைமேடை. ஆபரேட்டர் என்னைப் பார்த்ததும் "வந்துட்டாருய்யா" என்றார். இடது 670, வலது 630, கொக்கியில் 160. மொத்தம் பழைய 1,460தான்.

சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம் கொடைக்கானல் போனோம். காலையில் இங்கே 65 வைத்துக் கிளம்பினேன். வத்தலக்குண்டில் நிறுத்தி நட்டை இறுக்கினேன். இரண்டு நட்டு கால் திருகு வாங்கின. கொடைக்கானலில் மறுநாள் விடியக்காலை குளிரில் பார்த்தால் 64. குளிருக்கு ஐந்தாறு இறங்கியிருக்க வேண்டாமா, காற்றுமானி பழுதோ என்று பதறிப்போனேன். பிளஸ் டூ படிக்கும் மகள்தான் கணக்குப் போட்டாள். பதினைந்து டிகிரி குளிருக்கு நாலு இறங்கும், ஏழாயிரம் அடி உயரத்தில் வெளிக்காற்று மெலிந்துவிடுவதால் மானி மூன்று கூட்டிக் காட்டும். இரண்டும் கழிந்து ஒன்றுதான் மிச்சம்.

சம்படம் திறக்கவில்லை. ஸ்க்ரூ ஒன்றுகூட விழவில்லை. அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "மூடியை என்னடா இப்படி முறுக்கி வச்சிருக்க, திறக்கவே முடியல" என்றார்.

கரும்புவண்டி:

அண்ணே சந்தோசம். பழைய டயர் மூணையும் என்ன செஞ்சீங்க? நம்ம மாட்டு வண்டிக்கு ஆகுமா? பட்டன் முக்கால்வாசி இருக்குன்னீங்களே.

திருமங்கலம் பெயிண்ட்கடை:

வண்டிக்குத் தரமாட்டேன் தம்பி. மூன்றிலும் பக்கச்சுவரைக் கத்தியால் கீறிவிட்டேன், யாரும் எடுத்து ஓட்டிவிடக் கூடாது என்று. ஒன்றில் மகள் துளசி வைத்துவிட்டாள். ரெண்டு இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்ட வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.